ஓம் விதியும் ஒரு பள்ளி வாத்தியாரும்



எலக்ட்ரிகல் லேபில் ஆரம்பத்தில் செய்த எக்ஸ்பெரிமெண்ட் எது என்று கேட்டால், எந்த பேட்ச் ஆனாலும் 'ஓம் விதி' என்றுதான் சொல்வோம். ஒரு வோல்ட்மீட்டர், ஒரு அம்மீட்டர், ஒரு ரியோஸ்டாட். ஆறு ரீடிங், நேர்கோடாக ஒரு கிராஃப். அரைமணியில் முடித்துவிட்டு கேண்டீனுக்குக் கிளம்பிவிடலாம். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் மின்திறன். இதில் என்னப்பா பெரிய விஷயம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த வகுத்தலுக்காக ஒரு மனிதர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. 1817 முதல் கொலோன் நகரப் பள்ளியில் கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்த வாத்தியார் இவர். பாடம் நடத்திய நேரம் போக, மீதி நேரத்தில் ஆராய்ச்சி. கருவிகளையும் பெரும்பாலும் தானே செய்துகொண்டார். அந்தக் காலத்தில் வோல்ட் என்றோ ஆம்பியர் என்றோ அலகுகள் கிடையாது. அவற்றைப் பல நாட்டவரும் கூடி ஏற்றுக்கொண்டது 1881ல், பாரிஸ் மாநாட்டில்தான்.

1825ல் ஓம் தன் முதல் கட்டுரையை வெளியிட்டார். கம்பி நீள நீளக் காந்த விசை எப்படிக் குறைகிறது என்று லாகரிதத்தில் ஒரு சூத்திரம் சொல்லியிருந்தார். அது தவறு! கணக்கில் கோளாறு இல்லை, கோளாறு பேட்டரியில். அன்றைய வோல்டா அடுக்கு பயன்படுத்தப் பயன்படுத்த வலுவிழந்துகொண்டே போகும். அளக்க ஆரம்பித்தபோது இருந்த அழுத்தம் முடிக்கும்போது இருக்காது. ஆடுகிற தராசில் எதை வைத்து நிறுப்பது?

இதற்கு வழி சொன்னவர் போகெண்டார்ஃப் என்ற பத்திரிகாசிரியர். பேட்டரியை விட்டுவிட்டு, 1821ல் சீபெக் கண்டுபிடித்திருந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தச் சொன்னார். ஓம் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் நீரிலும் மறு முனையை ஐஸிலும் வைத்தார். வெப்பநிலை வித்தியாசம் மாறாததால் அழுத்தமும் மாறவில்லை. பிறகு ஒரே கனமுள்ள எட்டு செம்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். நீளம் 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை. ஒவ்வொன்றாக இணைத்து, விலகிய காந்த ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தார். அந்த முறுக்குதான் அவருடைய அம்மீட்டர்!

விடை சுலபமாக வந்தது. மாறாத ஒரு எண்ணை, சுற்றின் மற்ற பகுதிகளின் தடையோடு கம்பியின் நீளத்தைக் கூட்டி வந்த தொகையால் வகுத்தால் கரண்ட். இன்று நாம் 'இன்டர்னல் ரெஸிஸ்டன்ஸ்' என்கிறோமே, அதுவும் இந்தச் சூத்திரத்திலேயே அடங்கியிருந்தது. தன் பழைய சூத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழாமல், 1826ல் புதியதை வெளியிட்டார். 1827ல் அது பெர்லினில் புத்தகமாகவும் வந்தது.

அப்புறம் என்ன, பாராட்டு குவிந்ததா? இல்லை. எதிர்பார்த்த பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. கொலோன் வேலையையும் விட்டுவிட்டார். லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது 1841ல். மியூனிக்கில் பேராசிரியர் பதவி கிடைத்தது 1852ல். 1854ல் காலமாகிவிட்டார்.

காப்ளி பதக்கம் கிடைத்த அதே 1841ல்தான் கதையின் மறுபாதியும் அச்சில் வந்தது. இங்கிலாந்தில் பீர் தயாரிக்கும் குடும்பத்துப் பிள்ளை ஜேம்ஸ் ஜூல். கரண்ட் ஓடும் கம்பிச் சுருளைத் தண்ணீரில் முக்கி, தெர்மாமீட்டரால் அளந்தார். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு! கரண்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் ஒரு விநாடியில் வெளிவரும் வெப்பம். இதில் ஓம் விதியைப் பொருத்தினால் 'வோல்டேஜ் பெருக்கல் கரண்ட்' வந்துவிடுகிறது. அதே பவரை பத்து மடங்கு வோல்டேஜில் அனுப்பினால் கரண்ட் பத்தில் ஒன்றாகும், அதே லைனில் நஷ்டம் நூறில் ஒன்றாகும். நம் ஊர் வயல்களின் மேலே 110, 230, 400 கிலோவோல்ட் லைன்கள் போவது இந்த வர்க்கத்துக்குப் பயந்துதான்.

தம்பி தங்கைகளே, வைவாவில் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று. 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்பு. கரண்ட் சுமார் 0.43 ஆம்பியர், மின்தடை 529 ஓம். கணக்கு சரி. அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது! மீட்டர் பழுதா? ஓம் விதி பொய்யா? இரண்டும் இல்லை. எரியும்போது இழை 2,000 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது, நீங்கள் அளந்தது ஆறிய இழையை. சூடு ஏற ஏற டங்ஸ்டனின் மின்தடையும் ஏறும். பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் நொடியில் ஃப்யூஸ் ஆவதும், ஆறிய இழையில் முதலில் பாயும் பெருங்கரண்டால்தான்.

ஆக, வகுப்பது யாருக்கும் வரும். வகுப்பதற்கு முன், எது மாறாமல் இருந்தது என்று கேட்பதுதான் இன்ஜினீயர் வேலை. கொலோன் வாத்தியார் ஐஸையும் வெந்நீரையும் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வியும் அதுதான். அடுத்த முறை ரீடிங் எடுக்கும்போது, டேபுலர் காலத்துக்கு மேலே சப்ளை எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு என்று ஒரு வரி எழுதிவையுங்கள். ரெக்கார்டு நோட்டுக்கு மார்க் வருகிறதோ இல்லையோ, பின்னால் சைட்டில் நிற்கும்போது கை கொடுக்கும்.