நர்ஸுக்குப் பாடம் எடுக்க நர்ஸ் எங்கே? ஒரு கடன் தள்ளுபடியின் கதை

கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு வாங்க.

2021ல் அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் தகுதியுள்ள 91,938 விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பின. விண்ணப்பங்கள்னு கவனிச்சுப் படிங்க. ஒருத்தரே நாலு கல்லூரிக்குப் போட்டிருக்கலாம், அதனால் அத்தனை பேர்னு அர்த்தம் கிடையாது. ஆனாலும் அது கோவிட் காலம். நர்ஸ் கிடைக்காமல் ஆஸ்பத்திரிகள் அல்லாடிக்கொண்டிருந்த நேரத்தில், நர்ஸ் ஆகறேன்னு வந்தவங்களுக்குக் கதவு சாத்தியிருக்கு.

மார்க் குறைவா? இல்லை. வகுப்பறை போதவில்லை, வார்டு பயிற்சிக்கு இடமில்லை, பணமில்லை என்று கல்லூரிகள் பல காரணம் சொன்னாலும், வருஷா வருஷம் தவறாமல் வரும் ஒரு காரணம்: சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இதன் கணக்கு ரொம்ப எளிது. வார்டில் பயிற்சி நடக்கும்போது ஒரு ஆசிரியரின் கீழ் சுமார் 8 முதல் 10 மாணவர்கள்தான் இருக்கலாம் என்று பல மாநிலங்களில் விதி. நோயாளியின் பாதுகாப்புக்கான விதி, சரியான விதி. ஆனால் ஒரு ஆசிரியர் ரிட்டயர் ஆனால் அந்தப் பத்து இடமும் போச்சு.

சரி, ஏன் ஆள் வரலை? வார்டில் நன்றாகச் சம்பாதிக்கும் ஒரு நர்ஸ் ஆசிரியராகணும்னா முதுகலையோ டாக்டரேட்டோ படிக்கணும். அதுக்குக் கடன் வாங்கணும். அதே படிப்பை நர்ஸ் பிராக்டிஷனர் ஆகப் படித்தால் சம்பளம் கூடும். ஆசிரியராகப் போனால் அதைவிடக் கணிசமாகக் குறைவு. படிக்கப் படிக்க வருமானம் குறையும் வேலை! நம்ம டாக்டர்களில் எத்தனை பேர் இதுக்கு ஒத்துக்குவோம்னு மனசுக்குள்ள கேட்டுப் பாருங்க.

இப்போ வரலாறு.

ஆரம்ப கால நர்சிங் பள்ளிகள் ஆஸ்பத்திரிகளின் சொத்து. மாணவிகள்தான் வார்டை ஓட்டினார்கள். நேரம் மிச்சமிருந்தால் பாடம். நர்ஸுக்குக் கற்பிக்கத் தனிப் படிப்பு வேண்டும் என்பதே 1899ல்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் வேர் பிடித்தது. 1907ல் அங்கே அடிலெய்ட் நட்டிங் பேராசிரியர் ஆனார். உலகின் முதல் நர்சிங் பேராசிரியர் அவர்தான்.

அரசாங்கம் பெரிய அளவில் பணம் போட்டது போர் வந்தபிறகு. 1943ல் ஓஹையோவின் பிரான்சஸ் போல்ட்டன் கொண்டுவந்த சட்டத்தால் கேடட் நர்ஸ் கார்ப்ஸ் பிறந்தது. கல்விக் கட்டணம், யூனிஃபார்ம், மாச ஸ்டைபெண்ட் எல்லாம் அரசே கொடுத்தது. 36 மாசப் படிப்பு 30 மாசமாகச் சுருங்கியது. சுமார் 1,24,000 பேர் படித்து முடித்தார்கள். திருப்பிக் கட்ட வேண்டியது ஒரு டாலர்கூட இல்லை. போர் முடியும்வரை அவசியமான நர்சிங் வேலையில் இருப்பேன் என்ற உறுதிமொழி மட்டும்தான்.

எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த வருஷம் 1956. யாரும் பெரிதாகப் பேசாத வருஷம். அந்த வருஷத்து சுகாதாரத் திருத்தச் சட்டத்தில், ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்கள் கற்பித்தல், மேற்பார்வை, நிர்வாகம் ஆகியவற்றுக்காக மேற்படிப்பு படிக்க உதவித்தொகை வந்தது. கடன் இல்லைங்க, உதவித்தொகை. ஆசிரியர் இல்லாமல் நர்ஸ் இல்லை என்பதை ஒரு அரசு புரிந்துகொண்டு நேரடியாகப் பணம் கொடுத்த தருணம் அது.

1964ல் லிண்டன் ஜான்சன் நர்ஸ் பயிற்சிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த உதவித்தொகை தொடர்ந்தது. கூடவே மாணவர்களுக்குக் கடனும் வந்தது. நர்ஸாக முழுநேரம் வேலை பார்த்தால் வருஷத்துக்கு 10 சதவீதம் வீதம், பாதிக் கடன் வரை தள்ளுபடி. ஆசிரியர் வேலையும் இதில் சேருமா? சேரும். ஒரு அடைப்புக்குறிக்குள்! வார்டில் இருந்தாலும் வகுப்பில் இருந்தாலும் ஒரே சலுகைன்னா, வகுப்புக்குப் போகத் தனியாக என்ன காரணம் இருக்கு?

அதன்பிறகு இழுபறி. 1975ல் ஜெரால்ட் ஃபோர்ட் செலவு அதிகம் என்று நர்ஸ் பயிற்சி மசோதாவைத் தடுத்தார். நாடாளுமன்றம் அந்தத் தடையை முறியடித்துச் சட்டமாக்கியது.

ஆசிரியருக்கென்றே தனிக் கடன் வந்தது 2002 ஆகஸ்டில், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட நர்ஸ் மறுமுதலீட்டுச் சட்டத்தில். இது வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. அரசு கல்லூரிக்குப் பணம் தரும். அரசின் 9 டாலருக்குக் கல்லூரி குறைந்தது 1 டாலர் சேர்க்கணும். அந்த நிதியிலிருந்து கல்லூரியே மாணவருக்குக் கடன் கொடுக்கும். படித்து முடித்து அங்கீகாரம் பெற்ற நர்சிங் கல்லூரியில் முழுநேர ஆசிரியராகச் சேர்ந்தால் முதல் மூன்று வருஷம் தலா 20 சதவீதம், நாலாவது வருஷம் 25 சதவீதம் தள்ளுபடி. மொத்தம் 85. மீதி 15ஐ நாமே கட்டணும்.

நம்ம ஊர் டாக்டர்களுக்குத் தெரிந்த பாண்ட் முறையைத் திருப்பிப் போட்ட மாதிரி. பாண்டில் வேலைக்கு வராதவர் பணம் கட்டணும். இதில் வேலை செய்யச் செய்யக் கடன் கரையும். கடைசி வருஷத்துக்கு 5 சதவீதம் கூட வைத்தது நல்ல யோசனைன்னு நினைக்கிறேன், மூணாவது வருஷம் சலிப்பு வருகிறவரை இன்னொரு வருஷம் பிடித்து வைக்கும். ஆனால் கல்லூரியே வருஷக்கணக்கில் கடன் கணக்கைப் பராமரிக்கணும். சின்னக் கல்லூரிக்கு அது பெரிய தலைவலி.

ஐந்தாவது வருஷம்? அங்கேதான் என் சந்தேகம். தள்ளுபடி கடனைக் குறைக்கும், சம்பளத்தைத் தொடாது. நாலு வருஷம் முடிந்தவர் முன்னால் கடன் பாரம் குறைந்த ஒரு மேற்படிப்புப் பட்டம் இருக்கு, பக்கத்து ஆஸ்பத்திரியில் கூடுதல் சம்பளமும் இருக்கு. 1956ன் உதவித்தொகையும் சம்பளத்தைத் தொடவில்லைதான். ஆனால் அது யாரையும் கடனோடு வகுப்புக்குள் அனுப்பவில்லை.

2010ல் ஒபாமாவின் சுகாதாரச் சட்டம் இன்னொரு வழி திறந்தது. ஏற்கெனவே வாங்கிய நர்சிங் கல்விக் கடனை அரசே அடைக்கும் திட்டத்தில் ஆசிரியர்களையும் சேர்த்தது. இன்று அதன் பெயர் நர்ஸ் கார்ப்ஸ். இரண்டு வருஷ வேலைக்கு 60 சதவீதக் கடன், மூன்றாவது வருஷமும் இருந்தால் இன்னொரு 25.

கூட்டிப் பாருங்க, இங்கேயும் அதே 85தான். ஆனால் ஒரு வித்தியாசம். இந்தப் பணம் வருமானமாகக் கணக்கிடப்பட்டு அதில் வரி பிடிக்கப்படுகிறது. பற்றாக்குறை பகுதிகளில் வேலை பார்க்கும் டாக்டர்கள், பல் டாக்டர்கள் முதலானோரின் கடனை அடைக்கும் தேசிய சுகாதார சேவைப் படையின் பணத்துக்கு 2004லேயே வரிவிலக்கு கிடைத்துவிட்டது. நர்சிங் ஆசிரியர் வாங்கும் பணத்துக்கும் அதைக் கொடுங்கள் என்று நர்ஸ்கள் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.