அகரம் மூன்று பைட்

யூடிஎஃப்-8 முறையில் 'அ' என்ற எழுத்து மூன்று பைட்டுகள்: 224, 174, 133. அதே மூன்றையும் லத்தீன் எழுத்துகளாக வாசித்தால், தலைமேல் சாய்கோடு போட்ட ஒரு ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', அப்புறம் மூன்று புள்ளிகள். பழைய தமிழ்த் தரவுத்தளங்களைக் கறுப்புத் திரையில் திறக்கும்போது இந்த மூவரும்தான் என்னை அடிக்கடி வரவேற்பார்கள்.

இவர்களுடைய பூர்வீகம் ஸ்வீடன். மைஎஸ்க்யூஎல் 1995-ல் அங்கே பிறந்தது. அதன் இயல்பான எழுத்துத் தொகுப்பு லத்தீன்1, வரிசைமுறை ஸ்வீடிஷ். அவர்கள் ஊருக்கு அது போதும். ஆனால் மென்பொருளில் யாரும் கை வைக்காத அமைப்புதான் சட்டம். மதுரையில் ஒருவர் தமிழ் நூல்களுக்குப் பட்டியல் போட்டாலும், அட்டவணை ஸ்வீடிஷ் வரிசையில்தான் பிறந்தது.

2004-ல் முழுமையாக வெளியான 4.1 பதிப்பிலிருந்து, கிளையன்ட் தன் குறியாக்கத்தைச் சர்வரிடம் சொல்லியாகணும். அட்டவணையின் குறியாக்கம் வேறாக இருந்தால் சர்வர் மாற்றிக்கொள்ளும். கிளையன்ட் 'லத்தீன்1' என்கிறது. அட்டவணையும் 'லத்தீன்1' என்கிறது. மாற்ற ஒன்றுமில்லை. உள்ளே போன தமிழ் பைட்டுகள் அப்படியே வெளியே வந்தன. இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னதால் எல்லாம் சரியாகவே தெரிந்தது, வருஷக்கணக்கில்.

2018-ல் வந்த 8.0 பதிப்பு இயல்பை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கியது. புது கிளையன்ட் உண்மை பேசியதும் பழைய பொய் வெளியே வந்தது. சர்வர் ஒவ்வொரு பைட்டையும் லத்தீன் எழுத்து என்று நம்பி மொழிமாற்றிக் கொடுக்க, திரையில் அந்த மூவர். "ஐயோ, டேட்டா போச்சு!"

போகவில்லை. அவசரப்பட்டால்தான் வினை. அட்டவணையை நேராக யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றினால், மூன்று பைட் அகரம் ஏழு பைட் குப்பையாகச் சேமிக்கப்படும். முதலில் பத்தியை வெறும் பைனரியாக்கி, பிறகு 'இது யூடிஎஃப்-8' என்று அறிவிக்கணும். ஒரு பைட்டும் மாறாது. பெயர்ப்பலகை மட்டும் மாறும்.

ஆனால் இன்னொரு வகை உண்டு. கிளையன்ட் உண்மை சொல்லி, அட்டவணை மட்டும் லத்தீனாக இருந்த இடங்களில், கறாரான பயன்முறை இல்லாத பழைய சர்வர்கள் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஒரு கேள்விக்குறியாக்கிச் சேமித்தன. அதனால் எந்த அமைப்பையும் தொடுமுன் நான் ஹெக்ஸ் கட்டளையில் பைட்டுகளைத்தான் பார்ப்பேன். 224 இருந்தால் மீட்கலாம். வரிசையாக 63 மட்டும் இருந்தால், அது கேள்விக்குறியின் எண். கண்டபடி இருக்கும் குப்பைக்குள் தமிழ் பத்திரமாக இருக்கிறது. சுத்தமாகத் தெரியும் கேள்விக்குறிக்குள்தான் எதுவுமே இல்லை.