சுகரணம் முதல் உடற்றொழிலியல் வரை

உடற்றொழிலியலை வளர்த்தது ஆய்வுகூடமே. பிரெஞ்சு அறிஞர் குளோட் பேர்ணாட் 1865 இல் வெளியிட்ட நூல், பரிசோதனையே மருத்துவ அறிவின் அடிப்படை என வாதிட்டது. அவரிடம் பாரிசிற் பயின்ற அமெரிக்கர் ஜோன் டால்ற்றன், தம் மாணவர் முன்னிலையிற் பரிசோதனைகளைச் செய்துகாட்டிக் கற்பித்தார். அவரது பாடநூல் 1859 இல் வெளிவந்தது. அந்நூல் தமிழுக்கும் வந்தமை நமது கல்வி வரலாற்றிற் கருதத்தக்கதாகும்.

அதற்கு வழிசெய்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த இந்த மிஷனரி மருத்துவர், மறு ஆண்டு மருத்துவ வகுப்பொன்றைத் தொடங்கினார். 1860களிற் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். டால்ற்றனின் நூல் 1883 இல் 'மனுஷ சுகரணம்' என வெளிவந்தது. இன்று உடற்றொழிலியல் எனப்படுவதையே அன்று சுகரணம் என்றனர். மொழிபெயர்ப்பிற் கிறீனுக்குத் துணைநின்றோர் அவரிடம் பயின்ற மாணவரே. சொல்லைத் தேடும் பொறுப்பு அவர்கள் கைக்கு வந்தது. ஆயின் நூல் வந்த வேகத்தில் ஆய்வுகூடம் தமிழுக்கு வரவில்லை. பரிசோதனையின் முடிவுகளையே நாம் பெற்றோம்.

இக்குறை இன்றும் தீர்ந்துவிடவில்லை. சித்தாண்டிக்கு அயலூரான வந்தாறுமூலையில் 1981 இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பின்னர் மருத்துவக் கல்வியும் அதன்கீழ் வந்தது. பள்ளியில் உயிரியலைத் தமிழிற் கற்கும் சித்தாண்டி மாணவர், மருத்துவத்தை ஆங்கிலத்திற் கற்கின்றனர். செய்முறை வகுப்பும் விடை தெரிந்த பரிசோதனையை மீளச் செய்வதாகச் சுருங்குமாயின், வினா எழுப்பும் பழக்கம் எம்மொழியிலும் வளராது.

வினாக்களுக்கோ இங்கு பஞ்சமில்லை. வேளாண்மை வெட்டும் காலத்தில் வெயிலில் உழைப்பவரின் நாடித்துடிப்பு, நிழலில் அமர்ந்தபின் எத்தனை நிமிடத்தில் இயல்புநிலை அடைகின்றது? வியர்வையாற் குருதியின் கனவளவு குறைகின்றது. தோலின் குருதிக்கலன்கள் விரிகின்றன. ஆதலின் இதயம் விரைந்து துடிக்கின்றது. இவ்விளக்கம் பாடநூலில் உண்டு. ஆனால் நீர் அருந்தியவர், அருந்தாதவர், இளையோர், முதியோர் என ஒப்பிட்டு, ஏனைய காரணிகளை மாறாது வைத்து, அவர்தம் இசைவுடன் அளந்து பார்க்கும் திட்டத்தை மாணவரே வகுத்தல் வேண்டும். ஆசிரியர் திட்டத்தின் குறைகளைச் சுட்டுதல் போதும்.

கிறீனின் மாணவர் சொற்களை ஆக்கித் தந்தனர். இன்றைய மாணவர் வினாக்களை ஆக்க இடமளிப்பது நமது பல்கலைக்கழகங்களின் கடமையாகும்.