கங்கை நீரும் சுவாசக் குழாயும்: தில்லியில் இறுதிக்காலப் பராமரிப்பின் வரலாறு

உயிர் பிரியும் வேளையில் வாயில் கங்கை நீரும் துளசியும் இடுவது வட இந்திய இந்துக் குடும்பங்களின் வழக்கம். நம் பக்கம் பால் ஊற்றுவதற்கு நிகரானது அது. இஸ்லாமியர் கலிமாவை நினைவூட்டி யாசீன் ஓதுவர். சீக்கியர் சுக்மணி சாகிபைப் பாராயணம் செய்வர். கத்தோலிக்கருக்குக் குருவானவர் நோயில்பூசுதல் வழங்குவார். சமயங்கள் வேறாயினும் இச்சடங்குகள் மூன்று நிபந்தனைகளின் மேல் நிற்பவை. உறவினர் அருகில் இருக்க வேண்டும்; முடிவு நெருங்கியதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்; நோயாளி வலியில் துடிக்காதிருக்க வேண்டும். நவீன மருத்துவமனை இம்மூன்றையும் எவ்வாறு குலைத்தது, தில்லியில் அவை எந்த அளவுக்கு மீட்கப்பட்டன என்பதே இப்பதிவின் பொருள்.

1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாகும் மனிதரின் வலி உடல், உள்ளம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கையும் தழுவியது என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு வரையறையும் ஆன்மிகத் துயரைத் தணிப்பதை மருத்துவக் கடமையாகவே கொண்டது. இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸான சாந்தி அவேதனா சதன் 1986இல் மும்பையில் உருவாயிற்று. பின்னர் கோவாவுக்கும் தில்லிக்கும் விரிந்தது. மேலை மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கென ஆன்மிக ஊழியர் பதவி உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களிலும் அம்மரபு தொடர்கிறது. பல சமயத்தாரும் வந்து சேரும் அரசு மருத்துவமனைகளில் அதற்கு இடமில்லாது போயிற்று.

முதல் தடை மருந்தில் இருந்தது. சட்டப்படி அபினி விளைவிக்கும் நாடு இந்தியா. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினை நோயாளிக்கு எட்டாக்கனியாக்கிற்று. 2014ஆம் ஆண்டுத் திருத்தமே உரிம நடைமுறைகளை எளிதாக்க வழிசெய்தது. வலி அடங்காத உடலுக்கு எந்த ஓதலும் காதில் விழாது. எனவே மார்ஃபினின் வரலாறு ஆன்மிகப் பராமரிப்பின் வரலாறும் ஆகும்.

தில்லி கண்ட விடை வீட்டுக்குச் செல்வது. புற்றுநோயிலிருந்து மீண்ட ஹர்மாலா குப்தா முதலில் 'கேன்சர் சஹயோக்' என்னும் ஆதரவுக் குழுவையும், பின்னர் 1996இல் 'கேன்சப்போர்ட்' அமைப்பையும் தொடங்கினார். மருத்துவர், செவிலியர், ஆலோசகர் அடங்கிய குழு நோயாளியின் வீட்டுக்கே கட்டணமின்றிச் சென்றது. வலியைத் தணிப்பதும் உண்மையைப் பக்குவமாகச் சொல்வதும் அக்குழுவின் பணி. நீர் வார்ப்பதும் ஓதுவதும் குடும்பத்தின் உரிமை. மூன்று நிபந்தனைகளும் அங்கு நிறைவேறின.

பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து எய்ம்ஸ் வாயிலின் நடைபாதையில் படுத்திருக்கும் குடும்பத்துக்குத் தில்லியில் வீடு ஏது? தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் குழாய் பொருத்திய வாயில் ஒரு துளி நீரும் இட முடியாது. மருத்துவ அறிவுரையை மீறி நோயாளியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் உண்டு. அதனை அறியாமை என்பது எளிது. அவர்கள் தேடுவது அந்த ஒரு துளி நீருக்கான இடத்தை.

சட்டம் தாமதமாகவே இங்கு வந்தது. கண்ணியத்துடன் இறப்பதை அரசமைப்பின் 21ஆம் உறுப்புக்குள் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில் வைத்தது. பயனற்ற சிகிச்சையை நிறுத்தும் நடைமுறை 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது: முன்கூட்டிய விருப்ப ஆவணத்துக்கு நீதித்துறை நடுவரின் ஒப்பம் தேவையில்லை, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் போதும். குழாயை எப்போது அகற்றலாம் என்ற வினா, சடங்கு எப்போது நடக்கலாம் என்ற வினாவும் ஆகும்.

ஆகவே ஆன்மிகப் பராமரிப்பை மேம்படுத்துதல் என்பது பிரார்த்தனை அறை கட்டுவதோடு முடிவதன்று. காலத்தே உண்மை சொல்லப்படவேண்டும். கடைசி மணிநேரங்களில் பார்வையாளர் விதி தளர வேண்டும். இறுதியில் என்ன வேண்டும் என நோயாளியிடமே கேட்கப்படவேண்டும். மருத்துவ வரலாறு பயிலும் மாணவர்கள் மருத்துவமனைகளின் பார்வையாளர் நேர விதிகளையும் ஆவணங்களாகக் கொண்டு வாசிக்க வேண்டும். ஒருவர் சாகும்போது அருகில் இருக்க யாருக்கு உரிமை என்பதை அவ்விதிகளே முடிவு செய்து வந்துள்ளன.