ஐம்பது காசுக் குடித்தனம்

பொருள் தேடிப் பிறநாடு செல்வோர் கப்பலேறு முன்னர் இரண்டு கணக்குகள் போட்டுப் பார்ப்பது வழக்கம். சென்ற இடத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பது ஒன்று. எவ்வளவில் அங்கே காலந்தள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டிற்கும் இடையே எஞ்சுவதே ஊரிலுள்ள கடனை அடைக்கவும், தங்கையை மணமுடித்துக் கொடுக்கவும், காணி நிலம் வாங்கவும் உதவும் பொருள். மலாயாவின் கித்தாத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரும் இக்கணக்கைப் போட்டவரே. ஆனால் அவர்தம் வரலாற்றில் ஒரு புதுமை உண்டு. தமிழ்க் குடும்பம் ஒன்று எவ்வளவு குறைந்த செலவில் வாழ முடியும் என்பதனை அவர்கள் மட்டும் கணக்கிடவில்லை. அரசினரும் தோட்டத் துரைமாரும் அமர்ந்து, அரிசி முதல் வெற்றிலை வரை பட்டியலிட்டுக் கணக்கிட்டனர். அக்கணக்கே பின்னர்க் கூலியாயிற்று.

மலாக்கா மாநிலத்தின் உட்பகுதியில், ஜாசின் மாவட்டத்தில் அமைந்த செலண்டாரும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் இவ்வரலாற்றை நினைந்து பார்க்கத் தக்க இடங்களாகும். மலாயாவில் ரப்பரை வாணிகப் பயிராக முதன்முதல் நட்டவர் மலாக்காச் சீனரான டான் சே யான் என்பார். அவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய சிறு முயற்சி, சில ஆண்டுகளில் லெடாங் மலையின் அடிவாரத்தை நோக்கி நகர்ந்து, புக்கிட் அசகானில் பெருந்தோட்டமாக விரிந்தது. 1906இல் அது இலண்டன் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறியது. செலண்டாரிலிருந்து அசகான் தொலைவில் இல்லை. இவ்வட்டாரக் காடுகள் கித்தாக் காடுகளான பொழுதே இங்குத் தமிழ்க் குடித்தனமும் பெருகியது எனலாம்.

மலாக்காவில் தமிழர் அதற்கு முன்னும் இருந்தனர். சுல்தான்கள் காலத்து வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் மலாய் மொழி பேசி, சைவ வழிபாட்டை விடாது, அந்நகரிலேயே வேரூன்றியவர்கள். அவர்தம் பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் எழுந்தது. அவர்கள் மலாக்காவையே ஊராகக் கொண்டனர். தோட்டத்திற்கு வந்தவரோ மூன்றாண்டோ ஐந்தாண்டோ இருந்து திரும்பும் எண்ணத்துடன் வந்தனர். ஆதலின் இவர்க்குச் சிக்கனம் என்பது வாழ்க்கை முறை மட்டுமன்று. வந்த நோக்கமே அதுதான்.

முதலில் வந்தோர் ஒப்பந்தக் கூலிகள். அம்முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை அதற்கு முன்னரே வளர்ந்திருந்தது. 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதியில் முதலாளிகள் கட்டிய பணத்தைக் கொண்டு கப்பற் கட்டணம் செலுத்தப்பட்டமையால், நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறியவர் பினாங்கில் இறங்குகையில் கப்பற் கடன் அவர் தலைமேல் இல்லை. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்திற்குப் போகவும் சட்டம் இடந்தந்தது. இவ்வுரிமை ஏட்டளவில் பெரிது. நடைமுறையிலோ, ஊரில் கங்காணி கொடுத்த முன்பணமும், தோட்டக் கடையில் ஏறிய பற்றும், ஓராள் வேலைக்கு வந்தால் கங்காணிக்குக் கிடைக்கும் தலைக்காசும் சேர்ந்து அவரைப் பெரும்பாலும் அங்கேயே நிறுத்தின.

1922இல் இந்திய அரசு குடியேற்றச் சட்டம் ஒன்றை இயற்றியது. உடலுழைப்புத் தொழிலாளர் செல்லும் நாடு, அவர்க்குத் தக்க ஏற்பாடுகளைச் செய்து காட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. அதனையொட்டி 1923இல் மலாயாவின் தொழிலாளர் சட்டங்கள் திருத்தியமைக்கப்பட்டன. குடியிருக்க இலவசமாக லயம், நோய்க்கு மருத்துவம், ஏழு முதல் பதினான்கு வயதுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் பள்ளி, குடும்பத்துடன் இருப்போர்க்குக் காய்கறி பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம்—இவையெல்லாம் சட்டத்தில் இடம்பெற்றன. இவற்றோடு வந்ததுதான் ‘நியமக் கூலி’ என்னும் கருத்து.

நியமக் கூலியை வகுத்த முறை கூர்ந்து நோக்கத்தக்கது. மரம் எவ்வளவு பால் தருகிறது, அப்பால் இலண்டனில் என்ன விலைக்குப் போகிறது என்பவற்றிலிருந்து அக்கணக்குத் தொடங்கவில்லை. அது தொழிலாளியின் அடுக்களையிலிருந்து தொடங்கியது. ஒரு திங்களுக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, மிளகாய், மல்லி, மஞ்சள், புளி, உப்பு, வெங்காயம், தேங்காயெண்ணெய், கருவாடு, மண்ணெண்ணெய் என்ன ஆகும். வேட்டி சேலைக்கு என்ன. நாவிதர்க்கும் வண்ணார்க்கும் என்ன. தீபாவளி முதலிய பண்டிகைகட்கு என்ன. வெற்றிலை பாக்குப் புகையிலைக்கு என்ன—இவ்வாறு பட்டியல் அமைந்தது. இறுதியில் சேமிப்பிற்கும் ஊருக்கு அனுப்புவதற்கும் ஒரு சிறு தொகை. இவ்வளவையும் கூட்டி, வேலை நாட்களால் வகுத்தனர். 1920களின் பிற்பகுதியில் எளிதிற் சென்றடையத்தக்க வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று முடிவாயிற்று. பகாங்கின் உட்பகுதியில் மட்டும் 58, 46 என்று வைத்தனர். அங்கே அரிசியும் பண்டங்களும் சென்று சேரும் செலவு மிகுதி. நியமக் கூலி விதிக்கப்பட்ட வட்டாரங்கள் சிலவேயாயினும், பிற இடங்களிலும் துரைமார் அதனையே அளவுகோலாகக் கொண்டனர்.

இம்முறையில் ஒரு நேர்மை இருந்தது என்பதை மறுத்தல் ஆகாது. அதற்கு முன்னர்க் கூலியைப் பற்றிய பேச்சு துரையின் விருப்பத்தில் முடிந்தது. இப்பொழுது பட்டியல் ஒன்றைச் சுட்டி, ‘இந்த விலையில் இது வாங்க முடியாது’ என்று வாதிட வழி பிறந்தது. இந்திய அரசின் முகவர் கோலாலம்பூரில் இருந்துகொண்டு அவ்வாறு வாதிடவும் செய்தார். எனினும் முறையின் அடியிலேயே ஒரு கோணல் கிடந்தது. சிக்கனமாக வாழ்ந்தவனுடைய சிக்கனமே அவனுடைய கூலியைத் தாழ்த்தும் சான்றாயிற்று. கருவாட்டுக் குழம்போடு நிறைவடைகிறான் எனின், கருவாடே பட்டியலில் ஏறும், இறைச்சி ஏறாது. பெண் குறைவாக உண்கிறாள் என்று கொண்டு அவள் கூலியை ஐந்தில் நான்கு பங்காக்கினர். ஆணும் பெண்ணும் ஒரே நிரையில் நின்று ஒரே வகை மரத்தை வெட்டினர். பால் வாளியின் எடையில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. வேறுபாடு சோற்றுக் கணக்கில் இருந்தது.

ஐம்பது காசு என்பது எவ்வளவு பெறும்? இங்கே ஒரு மயக்கம் நேரக்கூடும். அக்காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் கூலி காசிலேயே சொல்லப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்த கூலிச் சட்டத்தின்படி அங்கு மலைநாட்டில் ஆணுக்கு 54 காசும், தாழ்நாட்டில் 50 காசும் வகுத்தனர். பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. இலங்கைக் காசு ரூபாயின் நூறில் ஒரு பங்கு. மலாயாக் காசோ வெள்ளியின் நூறில் ஒரு பங்கு. 1927க்குப் பின் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய் ஒன்பது அணா கிடைத்தது. ஆகவே மலாயாவின் ஐம்பது காசு பன்னிரண்டு அணாவிற்கு மேல். இலங்கையின் ஐம்பது காசு எட்டணா. இலங்கையில் அரிசி வரையறுத்த விலைக்குத் தோட்டத்திலேயே கொடுக்கப்பட்டது. ஊரும் அருகில் இருந்தது. இவற்றை நோக்கின் வேற்றுமை சிறிது குறையும். எனினும் தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களின் சிற்றூர்களில் கங்காணி ‘வெள்ளி’ என்று சொன்ன சொல்லுக்கு இருந்த கவர்ச்சியின் காரணம் இக்கணக்கில் தெரியும்.

கவர்ச்சி தேய்ந்த கதையும் நாணய மாற்றில்தான் இருக்கிறது. இதனை எழுதியோர் சிலரே. 1906இல் மலாயா வெள்ளியின் மதிப்பு இரண்டு ஷில்லிங் நான்கு பென்சு என்று நிலைநிறுத்தப்பட்டது. அப்போது ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் நான்கு பென்சு. எனவே ஒருவர் நூறு வெள்ளி மீத்து ஊருக்கு அனுப்பினால் 175 ரூபாய் சென்று சேர்ந்தது. முதல் உலகப் போரை ஒட்டி ரூபாய் ஏறியும் இறங்கியும் நிலைகுலைந்தது. பின்னர் 1927இல் இந்திய அரசு அதனை ஒரு ஷில்லிங் ஆறு பென்சில் நிறுத்தியது. அந்நாள் முதல் அதே நூறு வெள்ளிக்கு 155 ரூபாயும் சில அணாக்களுமே கிடைத்தன. தொழிலாளி ஒரு மரம் குறைத்து வெட்டவில்லை. ஒரு பிடி அரிசி கூடுதலாக உண்ணவில்லை. எங்கோ எழுதப்பட்ட இரண்டு பென்சு, நூற்றுக்குப் பத்தொன்பது ரூபாயைக் கொண்டு போயிற்று. தோட்டத்தில் இருந்தவர் இதனை அறிந்தது, ஊரிலிருந்து வந்த கடிதத்தில் ‘பணம் குறைவாக வந்தது’ என்ற வரியைக் கிராணியாரைக் கொண்டு படித்தபோதாகத்தான் இருக்க வேண்டும்.

நாளொன்றுக்கு ஐம்பது காசு என்பதனால் திங்களுக்குப் பதினைந்து வெள்ளி என்று கொள்ளலாகாது. பெரட்டில் பேர் விழுந்த நாளுக்கே கூலி. விடியற்காலை மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறையும். காய்ச்சல் கண்டால் கூலி இல்லை. இருபத்து நான்கு நாள் வேலை கிடைத்த திங்களில் ஆணுக்குப் பன்னிரண்டு வெள்ளி, மனைவியும் அவ்வாறே வேலை செய்தால் ஒன்பது வெள்ளி அறுபது காசு. இதனுள் அரிசிதான் பெருஞ்செலவு. மலாயா தன் அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. 1918இல் இந்தியாவில் மழை பொய்த்து, பர்மா அரிசியின் ஏற்றுமதி தடைப்பட்டபோது, மலாயாவில் விலை தாறுமாறாக ஏறிற்று. அரசே நட்டத்திற்கு அரிசி விற்க நேர்ந்தது. கீரையும் முருங்கையும் வாழையும் லயத்துப் பின்புறத்தில் வளர்ந்தமைக்கும், ஆடு கோழி வளர்த்தமைக்கும், ஆற்றிலும் வாய்க்காலிலும் பிள்ளைகள் மீன் பிடித்தமைக்கும் காரணம் இதுவே. பட்டியலில் கூலிக்குள் அடங்காத குடும்பம் காய்கறிப் பாத்தியில் அடங்கியது. கள்ளுக்கடை மட்டும் எதிர்த்திசையில் இழுத்தது. தோட்டத்திற்குள்ளேயே, சட்டத்தின் இசைவோடு, சம்பளம் போட்ட மாலையில் கூட்டம் நிரம்பும் கடை அது. தொழிலாளியின் ஊதாரித்தனத்தைப் பற்றி அறிக்கை எழுதியோர் அக்கடையை அங்கே வைத்தவர் யார் என்பதனை அவ்வளவாக எழுதவில்லை.

பின்பு வந்தது விலைவீழ்ச்சி. 1925இல் இராத்தல் நான்கு ஷில்லிங்கிற்கு மேல் விற்ற ரப்பர், 1932இல் இரண்டு பென்சுக்கும் கீழே இறங்கிற்று. கூலியின் அடிப்படை சோற்றுச் செலவு என்று கொண்டோம் அல்லவா, ரப்பர் விலை இறங்கியதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்நாளில் அவ்வாறு கேட்டுப் பயனில்லை. 1930இல் நியமக் கூலி 40, 32 ஆகக் குறைந்தது. பின்னர் மேலும் தாழ்ந்தது. விலைவாசியும் இறங்கியதனால் வாழ்க்கை கெடவில்லை என்று முதலாளிகள் கூறினர். வேலையே இல்லாதவர்க்கு அவ்விளக்கம் எதற்கு? 1930 முதல் 1932 வரை மூன்றாண்டுகளில் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஊர் திரும்பியவர்க்கு அங்கும் விலைவீழ்ச்சியே காத்திருந்தது.

1936 இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து, தோட்டங்களைப் பார்வையிட்டு, அடுத்த ஆண்டு அறிக்கை தந்தார். பழைய 50, 40 காசு மீள வேண்டும் என்றார். கங்காணி ஆள் சேர்க்கும் முறை தேவையில்லை என்றார். ஆயினும் நிலைமையைப் பொதுவில் மனநிறைவுடன் நோக்கிய அவ்வறிக்கை, புதிதாகத் தோன்றியிருந்த மலாயா மத்திய இந்தியச் சங்கத்தார்க்கு நிறைவளிக்கவில்லை. 1938இல் ரப்பர் விலை மீண்டும் சரிய, முதலாளிகள் கூலியைக் குறைக்க முற்பட்டனர். அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. மறியல் ஒன்றும் சாதிக்காததனை இத்தடை சாதித்தது என்பது மிகையாகலாம். ஆனால், ‘இவன் போனால் இன்னொருவன் வருவான்’ என்னும் துரைமாரின் பழைய துணிவு அன்றோடு தளர்ந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் பெரிய வேலை நிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டும் அன்று. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கை. எந்தச் செலவுப் பட்டியலிலும் இடம்பெறாத பொருள் அது.

ஜப்பானியர் காலத்தில் கணக்கே சிதைந்தது. வாழைமரம் அச்சிட்ட தாள் மூட்டை மூட்டையாக இருந்தது, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கு தின்று, கோணிச் சாக்கு உடுத்து எஞ்சியோர், சயாம் மரண ரயில் பாதைக்குச் சென்று மீளாதோரை நினைந்து காலங்கழித்தனர். போர் முடிந்தபின் மீண்டும் ஆள் வரவில்லை. இருந்தவரே இந்நாட்டுக் குடிகளாயினர்; 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தது; கூலி பேசி முடிவு செய்யப்படும் பொருளாயிற்று.

அவ்வேளை, ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. ‘இலவசம்’ என்று பட்டியலில் ஒரு காசும் போடாது விடப்பட்ட லயம் அப்பொழுதுதான் தன் விலையைக் காட்டியது. வேலை போன அன்றே வீடும் போயிற்று. முருங்கை மரமும் காய்கறிப் பாத்தியும் போயின. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க முனைந்தார். முன்னர் நாகப்பட்டினத்திற்குச் சென்ற மீத்த பணம் இந்நாட்டு மண்ணிலேயே இறங்கிய தொடக்கம் அது. செலண்டாருக்கு அண்மையிலுள்ள புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்களோ 1967இல் கால்நடையாகக் கோலாலம்பூர் வரை சென்று தம் குறையைக் கூறினர். டான் சே யான் நட்ட காட்டிலிருந்து புறப்பட்ட நடை அது.

மலேசியாவில் அனைத்துத் தொழிலுக்கும் பொதுவான குறைந்த ஊதியச் சட்டம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அப்போது மாதம் 900 வெள்ளி. 2025இல் அது 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ரப்பர் நின்ற நிலங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறியுள்ளது. அங்கே குலை வெட்டுவோருள் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஒரு வெள்ளிக்கு இன்று எத்தனை ரூப்பியா, எத்தனை டாக்கா என்பதைச் சம்பள நாளில் கைப்பேசியில் பார்த்தபின்னரே அவர்கள் பணம் அனுப்புகின்றனர்.