புதையல் காட்டும் கம்பி



"உங்க கொல்லையில தங்கம் இருக்குது, கருவி காட்டுது" என்று ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? விலை கேட்பதற்கு முன்னால் இந்தக் கதையைக் கேளுங்கள்.

இந்த வித்தை பழசு. ஜெர்மனியில் வெள்ளிச் சுரங்கம் தேடியவர்கள் கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நம்ம ஊரில் நீரோட்டம் பார்க்கிற மாதிரிதான். அங்கே அக்ரிக்கோலா என்று ஓர் அறிஞர். 1556-இல் வெளிவந்த அவருடைய சுரங்க நூல், மண்ணின் அடையாளம் தெரிந்தவனுக்குக் குச்சி வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் குச்சி ஒழியவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டது. பிளாஸ்டிக் பிடி, ஆடுகிற கம்பி, வாய் நிறைய விஞ்ஞானம்!

இங்கிலாந்தில் ஜிம் மெக்கார்மிக் என்பவர், தொலைந்த கோல்ஃப் பந்தைத் தேட என்று சுமார் 20 டாலருக்கு விற்ற பொம்மையை வாங்கிப் பெயர் மாற்றினார். வெடிகுண்டு, போதைப்பொருள், ரூபாய் நோட்டு, எல்லாம் காட்டும் என்றார். உள்ளே பேட்டரிகூடக் கிடையாது. ஈராக் அரசு ஒவ்வொன்றையும் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியது.

2008-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ராண்டி, "வேலை செய்கிறது என்று நிரூபியுங்கள், பத்து லட்சம் டாலர் தருகிறேன்" என்று சவால் விட்டார். மெக்கார்மிக் வரவேயில்லை. வருவாரா?

2009 அக்டோபர் 25. பாக்தாத் நகரில் குண்டு வண்டிகள் வெடித்து 150 பேருக்கு மேல் மாண்டார்கள். சாவடிக் காவலர் கையில் இருந்தது இந்தக் கம்பிதான். 2013-இல் லண்டன் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது.

தாய்லாந்திலும் இதே மாதிரி ஒரு கம்பியை வாங்கியிருந்தார்கள். 2010-இல் சோதித்தார்கள். நாலு பெட்டி, ஒன்றில் மட்டும் வெடிமருந்து. எது என்று கம்பி பிடித்தவருக்குத் தெரியாது. இருபது தடவையில் நாலு தடவைதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே அஞ்சு வருமே!

அப்படியானால் கம்பி எப்படி ஆடுகிறது? மணிக்கட்டு ஒரு இம்மி சாய்ந்தால் போதும், ஆடும். பிடித்தவருக்கே அது தெரியாது. அதனால்தான் நாணயத்தைக் கண்ணெதிரே வைத்துக் காட்டச் சொன்னால் ஒருநாளும் தப்பாது.

ஆகவே, விற்க வருகிறவரோடு சண்டை வேண்டாம். பத்துப் பானையைக் கவிழ்த்து வையுங்கள். அவர் பார்க்காமல் ஒருவர் ஒரு பானைக்கடியில் மோதிரத்தை வைத்துவிட்டு அப்பால் போய்விடட்டும். பக்கத்தில் நிற்பவருக்கும் இடம் தெரியக்கூடாது. கம்பி தேடட்டும். பானையை மாற்றி மாற்றிப் பத்துத் தடவை. எட்டாவது சரியாக வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று முதலிலேயே நாலு பேர் முன்னால் சொல்லிவிடுங்கள்.

உண்மையான கருவியென்றால் பானைக்குப் பயப்படாது. "இன்றைக்கு நாள் சரியில்லை, காற்று சரியில்லை" என்று இழுத்தால், பெண்டாட்டி நகையை அடகுக்கு அனுப்பாதீர்கள். வீட்டிலிருக்கும் அந்தத் தங்கத்தைக் காட்ட எந்தக் கம்பியும் வேண்டாம்.