அல்லி தூங்கிய இரவு

ஊராட்சித் தலைவர் நாற்காலியில் பெயருக்கு உட்காராமல் நிஜமாகவே உட்காரும் பெண், வீட்டு வரவுசெலவைத் தன் கையில் வைத்திருக்கும் மருமகள், கையெழுத்துப் போடும் முன் நாலு கேள்வி கேட்கும் பெண் அதிகாரி, இவர்கள் எல்லோருக்கும் தமிழில் ஒரே கேலிச்சொல் தயாராக இருக்கிறது: அல்லி தர்பார். ‘அல்லி ராஜ்யம்’ என்றும் சொல்வார்கள். அல்லிநகரத்துக்காரர்களுக்கு இது கூடுதலாகவே காதில் விழும். ஊர்ப் பெயரைச் சொன்னதும், “ஓ, உங்க ஊர்ல பொம்பளை ராஜ்யமா?” என்று சிரிக்க எங்கேயும் ஒருவர் இருப்பார். எங்கள் ஊர்ப் பெயரில் உள்ள அல்லி குளத்துப் பூவாகவே இருக்கட்டும்; அரசியோடு அதை முடிச்சுப்போட நான் வரவில்லை. கேலியில் இருக்கும் அல்லி யார் என்பதுதான் என் கேள்வி. கேலி செய்பவர்களில் பலருக்கு அவள் கதை தெரியாது. தெரிந்தவர்களும் அதன் நடுவில் உள்ள ஓர் இரவைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

அல்லி அரசாணி மாலை, நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிறது. நடையைப் பார்த்தால் அவர் காலத்துக்கு மிகவும் பிந்திய கதைப்பாடல் அது என்பதே அறிஞர்கள் கருத்து. பாடுவோர் வாயில் இருந்ததைப் பிறகு அச்சு எடுத்துக்கொண்டது. சென்னையில் இரத்தின நாயக்கர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் இத்தகைய கதைகளைப் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களாகப் போட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படிக்கட்டும் என்றுதான் அந்தப் பெரிய எழுத்து. ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அல்லியையும் பவளக்கொடியையும் நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். 1934இல் பவளக்கொடி படமாக வந்தது, எம்.கே. தியாகராஜ பாகவதரின் முதல் படம் அதுதான். ஆக, தமிழ்நாட்டில் சாதாரணப் பெண்கள் நூற்றாண்டுக் கணக்கில் கேட்டும் பார்த்தும் வந்த மிகுபுனைவு இது. இன்று மிகுபுனைவு எழுத வரும் மாணவிகள் பறக்கும் நாகங்களையும் பனிநாட்டு அரக்கர்களையும் தேடிப் போகிறார்கள். போகட்டும், தப்பில்லை. ஆனால் ஒரு பெண் பாத்திரத்தை நம்பும்படி உருவாக்குவது எப்படி, அந்த நம்பிக்கையை ஒரே காட்சியில் உடைப்பது எப்படி என்ற இரண்டு பாடத்தையும் இந்த ஒரு கதையிலேயே படித்துவிடலாம்.

பதிப்புக்குப் பதிப்பு, மேடைக்கு மேடை கதை மாறும். பரவலாகத் தெரிந்த வடிவம் இது: பாண்டிய நாட்டை நீண்முகன் என்பவன் பறித்துக்கொள்கிறான். பிள்ளையில்லாத பாண்டியனுக்கு அல்லிப்பூவில் ஒரு பெண் குழந்தை கிடைக்கிறது. அவள் சிறுமியாக இருக்கும்போதே நீண்முகனை வென்று மதுரையில் ஆட்சிக்கு வருகிறாள். அவள் அரண்மனையில் காவல், படை, ஏவல் எல்லாமே பெண்கள். ஆண் வாடையே ஆகாது என்று இருக்கிறாள். அர்ச்சுனன் அவள் மேல் ஆசைப்படுகிறான். நேர்வழியில் நெருங்க முடியவில்லை. கண்ணனிடம் போகிறான்.

இதுவரை அல்லியை யாரும் நம்பலாம். பூவில் பிறந்தவள் என்பதால் நம் நம்பிக்கை குறைவதில்லை. மாயம் பிறப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் செய்வதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. தகப்பன் நாட்டைப் பறித்தவனை எதிர்த்துத்தான் அவள் வாழ்க்கையே தொடங்குகிறது. அப்படிப்பட்டவள் அரண்மனை வாசலில் யாரை நிறுத்துவாள்? தான் நம்புகிறவர்களைத்தானே? அவளுடைய பெண் படையைக் கேலிக்குரிய கிறுக்காகப் பார்க்கிறவர்கள் நீண்முகனை மறந்துவிடுகிறார்கள். பாட்டைக் கட்டியவர்கள் மறக்கவில்லை. அவள் எச்சரிக்கைக்கு ஒரு சரித்திரம் உண்டு என்று முதலிலேயே வைத்துவிட்டார்கள்.

இனி அந்த இரவு. கண்ணன் பாம்பாட்டியாகிறான், அர்ச்சுனன் பாம்பாகிறான். மகுடி ஊதிக்கொண்டு இருவரும் அரண்மனைக்கு வருகிறார்கள். பாம்பின் அழகில் அல்லி மயங்கி அதைத் தன்னோடு வைத்துக்கொள்கிறாள். நடுச்சாமத்தில் பாம்பு ஆணாகிறது. தூங்கிக்கொண்டிருப்பவள் கழுத்தில் தாலி ஏறுகிறது. விடிந்து எழுந்து பார்த்தால் அவள் ஒருவனுடைய மனைவி.

கேட்கும் பெண்களின் அடிவயிற்றைப் பிசையும் காட்சி இது. தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்குக் கட்டுவிரியனைத் தெரியும். பகலில் ஒதுங்கிக் கிடந்து, இரவில் வீட்டுக்குள் வந்து, தூங்குகிறவரைக் கடித்துவிட்டுப் போகும். பல நேரம் கடித்த வலியே தெரியாது. விடிந்த பிறகுதான் ஏதோ நடந்துவிட்டது என்று உடம்பு சொல்லும். கம்பம் பள்ளத்தாக்கில் நெல் வயலிலும் திராட்சைப் பந்தலிலும் வேலை செய்யும் பெண்கள் சாரை எது, நல்ல பாம்பு எது என்று ஓடும் விதத்திலேயே சொல்வார்கள். பகலில் தெரியும் பாம்புக்கு அவர்கள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. பயமெல்லாம் பாய்க்கு வரும் பாம்புக்குத்தான். கதை கட்டியவர்கள் அந்தப் பயத்தை அப்படியே எடுத்து அர்ச்சுனனுக்கு உடம்பாகக் கொடுத்தார்கள். மாயப் பிராணி ஒன்றைக் கேட்பவர் நம்ப வேண்டுமானால், அவர் ஏற்கெனவே பயந்திருக்கும் ஒன்றில் அது கால் ஊன்றியிருக்க வேண்டும். அந்த அளவில் இந்தப் பாம்பு மிக நல்ல படைப்பு.

நம்ப முடியாமல் போவது அல்லி. வாசலில் நிற்கும் ஒவ்வொருவரையும் தானே தேர்ந்தெடுத்தவள், முன்பின் தெரியாத பாம்பாட்டி கொண்டுவந்த பாம்பைப் படுக்கையறை வரை விடுவாளா? அதுவும் ஊதினவன் ஆண். தோழிப் பெண்களில் ஒருத்தி கூடவா கேட்க மாட்டாள்? மகுடி மயக்கம் என்று பதில் சொல்லலாம். மாயத்தை வைத்து எதற்கும் பதில் சொல்லிவிடலாம் என்பதுதான் மிகுபுனைவில் பெரிய ஆபத்து. கதைக்கு அந்த இடத்தில் ஒரு திருமணம் தேவைப்பட்டது. விழித்திருக்கும் அல்லியை வைத்துக்கொண்டு அதை நடத்த முடியாது. அதனால் அவளை முதலில் அசடாக்கி, பிறகு தூங்க வைத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான சண்டை ஒன்று நம் மரபில் இருக்கிறது. தேவி மாகாத்மியத்தில் மகிடனும் உருமாறுகிறவன்தான். எருமையாக வருகிறான், தேவி பாசக்கயிறு வீசிக் கட்டுகிறாள். சிங்கமாகிறான், தலையை வெட்டப் போகும்போது வாளேந்திய மனிதனாக எழுகிறான். அம்பால் துளைக்கிறாள். யானையாகித் துதிக்கையால் அவள் சிங்கத்தை இழுக்கிறான், துதிக்கையை வெட்டுகிறாள். மறுபடி எருமை. அவள் நிதானமாக மது அருந்தி, சிரித்து, பிறகு அவன் மேல் ஏறிக் கழுத்தை மிதித்துச் சூலத்தால் குத்துகிறாள். ஒவ்வொரு உருவுக்கும் ஒரு பலம், அந்தப் பலத்துக்கு ஒரு பதில். சண்டைக்காட்சி எழுதுகிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். எதிரி வடிவம் மாறும்போதெல்லாம் அவளும் தன் முறையை மாற்றுகிறாள். அவள் கண் ஒரு கணமும் மூடவில்லை.

மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பி இந்தச் சண்டையின் முடிவைக் காட்டவில்லை. நடுவில் நிறுத்திவிட்டான். எருமைத் தலையும் மனித உடம்புமாக மகிடன் பெரிதாக நிற்கிறான். கையில் கதை, தலைக்கு மேல் குடை. ஆனால் உடம்பு பின்னால் சாயத் தொடங்கிவிட்டது. சிங்கத்தின் மேல் தேவி வில்லோடு முன்னேறுகிறாள். அவளோடு பூதகணங்களும் வாளெடுத்த ஒரு பெண்ணும். இன்னும் ஒரு நொடியில் எதுவும் நடக்கலாம் என்ற இடம் அது. குகையின் எதிர்ச் சுவரில் திருமால் பாம்பணையில் தூங்குகிறார். காலடியில் இரண்டு அசுரர்கள். பக்கத்தில் ஆபத்து நின்றாலும் அவர் தூக்கம் கெடவில்லை. அவருக்குப் பாம்பு காவல். அந்தக் குகையில் நின்று இரண்டு சுவரையும் மாறிமாறிப் பார்க்கும்போது எனக்கு அல்லியின் படுக்கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

தூங்க வைத்து அல்லது இருட்டில் வைத்து ஜெயிப்பது நம் நாட்டுத் தனிச்சொத்து இல்லை. ஜெர்மானியரின் நிபெலுங்கன்லீட், சுமார் 1200இல் எழுதப்பட்ட காவியம். அதில் பிரூன்ஹில்ட் என்ற அரசி தன்னைப் போட்டியில் வெல்பவனைத்தான் மணப்பாள். குந்தர் அரசனுக்கு அந்தத் தகுதி இல்லை. மாயப் போர்வைக்குள் மறைந்து சீக்ஃபிரீட் அவனுக்காக வெல்கிறான். முதலிரவில் அவள் குந்தரைக் கட்டி ஆணியில் தொங்கவிடுகிறாள். மறுநாள் இரவு சீக்ஃபிரீட் மறுபடி மறைந்து வந்து, இருட்டில் அவளை அடக்கி, மோதிரத்தையும் இடுப்புக் கச்சையையும் எடுத்துக்கொண்டு போகிறான். அதோடு அவள் பலம் போய்விட்டது என்கிறது காவியம். அர்ச்சுனன் பாம்புத் தோலுக்குள், சீக்ஃபிரீட் போர்வைக்குள். இரண்டு வீரர்களும் உலகம் புகழும் பலசாலிகள். இரண்டு பேருக்கும் மறைவு தேவைப்பட்டது. 1955இல் வெளியான டோல்கீனின் கடைசிப் பாகத்தில் எயோவின் பகல் வெளிச்சத்தில், போர்க்களத்தில், பறக்கும் மிருகத்தின் தலையை வெட்டுகிறாள். கேடயக் கை முறிகிறது. கூட வந்த குள்ளனின் குத்தும் தேவைப்படுகிறது. அதனால்தான் அந்த வெற்றி நம்பும்படி இருக்கிறது. கடைசியில் அவளுக்கும் வாளை வைத்துவிட்டுக் கல்யாணம்தான் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த முடிவை அவள் விழித்திருந்து, தன் வாயால் சொல்கிறாள்.

ஆளும் பெண்ணைக் கண்டால் கதைசொல்லிகளுக்குக் கை பரபரக்கிறது. அலெக்ஸாண்டருக்குப் பின் இந்தியா வந்த மெகஸ்தனிஸ், ஹெராக்ளிஸ் தன் மகள் பாண்டையாவுக்குத் தெற்கே ஒரு நாட்டைக் கொடுத்தான் என்று எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி, இந்தியாவில் பெண்கள் ஆளும் ஒரே இனம் பாண்டியர் என்றார். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மெகஸ்தனிஸ் சொன்னதை எடுத்து எழுதிய ஆரியன், அவளுக்கு ஏற்ற மாப்பிள்ளை கிடைக்காமல் ஏழு வயதில் தகப்பனே அவளைச் சேர்ந்தான் என்றும் எழுதி வைத்திருக்கிறார். திருவிளையாடல் புராணத்துத் தடாதகைக்கு மூன்று மார்பு. திக்கெல்லாம் வென்று கயிலை வரை போய், சிவகணங்களோடும் மோதுகிறாள். சிவனைக் கண்டதும் ஒரு மார்பு மறைகிறது, வெட்கம் வருகிறது, போர் முடிகிறது. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் பட்டாபிஷேகம், திக்குவிஜயம், திருக்கல்யாணம் என்று அடுத்தடுத்த நாட்களில் இதை இன்றும் நடத்துகிறார்கள். தடாதகையின் மாற்றம் எனக்கு உவப்பானதில்லை. இருந்தாலும் அவள் நேருக்கு நேர் பார்த்து மாறுகிறாள். அல்லிக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

நம் பழைய நூல்களே இதற்கு என்ன பெயர் வைத்தன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எட்டு வகை மணத்தைத் தொல்காப்பியமும் குறிப்பிடுகிறது. அந்த எட்டையும் விவரிக்கும் மனு நூல், தூங்குகிறவளையோ போதையில் இருப்பவளையோ அறிவு தெளியாதவளையோ மறைவில் அடைவதை எட்டாவதாக வைத்து, எல்லாவற்றிலும் இழிந்தது என்கிறது. பெயர் பைசாசம். பிசாசு செய்வது என்று பொருள். பெண்ணுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்ல யோசிக்கும் நூலே பிசாசு என்று சொன்ன காரியத்தைத்தான் கதாநாயகன் செய்கிறான். ஆனால் தாலி என்ற ஒன்று அதைத் திருமணமாக்கிவிடுகிறது. எப்படிக் கட்டினாலும் தாலி தாலிதான் என்று கதாநாயகி அழுதுகொண்டே ஏற்கும் தமிழ்ப் படங்களை எத்தனை பார்த்திருக்கிறோம்!

அல்லி அழுது ஏற்கவில்லை. இதைத்தான் கேலிக்காரர்கள் சொல்வதில்லை. தாலியைப் பார்த்ததும் கொதிக்கிறாள். அர்ச்சுனன் மேல் போர் தொடுக்கிறாள். அவளை அடக்கப் பாண்டவர்களும் கண்ணனின் தந்திரமும் மறுபடி மறுபடி வர வேண்டியிருக்கிறது. முதலிரவிலேயே முடிந்துபோயிருந்தால் அவ்வளவு நீளமாகப் பாட வேண்டிய அவசியமே இல்லை. பாடினவர்களுக்கே அந்தத் திருமணத்தில் முழு நம்பிக்கை இல்லை என்று நான் வாசிக்கிறேன். விழித்த பிறகு அவளை மறுபடி பழைய அல்லியாகவே எழுதியிருக்கிறார்கள். இறுதியில் சேர்த்து வைக்கிறார்கள், புலந்திரன் பிறக்கிறான்.

தொடர்ச்சியான பவளக்கொடி மாலையில் அந்தப் பிள்ளை விளையாடப் பவளத்தேர் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அல்லி அர்ச்சுனனைக் கூப்பிட்டு, போய்ப் பவளம் கொண்டு வரச் சொல்கிறாள். காண்டீபம் ஏந்தியவன், பாம்பாகி வந்தவன், மறுபேச்சில்லாமல் கடல் கடந்து கிளம்புகிறான்.